நுரையீரலைச் சேரும் மருந்து

பெங்களூரின் வடமேற்கே 1970-களில் விரிவடைந்த பீன்யா தொழிற்பேட்டையில் எந்திரப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் முலாம் பூசும் கூடங்களும் நெருங்கி நிற்கின்றன. வார்ப்பு மணலை உதிர்ப்பவரும் சாணைச் சக்கரத்தின் முன் நிற்பவரும் சுவாசிக்கும் தூசியில் சிலிக்கா கலந்திருக்கக்கூடும். இருமலோடு மருத்துவரிடம் செல்லும் இத்தகைய தொழிலாளிக்கு எந்த மருந்து தரப்படுகிறது என்பது முக்கியமே. ஆனால் அம்மருந்து நோயுள்ள இடத்தை எட்டுகிறதா என்பது அதற்குச் சற்றும் குறையாத கேள்வியாகும்.

உட்கொண்ட மருந்து குருதியில் கலந்துவிட்டாலே நுரையீரலைச் சேர்ந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். உண்மை அவ்வளவு எளிதன்று. குருதிக்கும் காற்றறைகளுக்கும் இடையே மெல்லிய சவ்வுச் சுவர் உள்ளது. ஜென்டாமைசின் போன்றவை அதைக் குறைவாகவே கடக்கின்றன. அசித்ரோமைசினோ காற்றறைகளைக் காக்கும் விழுங்கணுக்களுக்குள் குருதியில் உள்ளதைவிடப் பன்மடங்கு சேர்ந்துவிடுகிறது. டாப்டோமைசின் குருதித் தொற்றுக்குச் சிறந்த மருந்து. எனினும் காற்றறைகளைச் சுருங்காமல் தாங்கும் பசைப்பொருளோடு பிணைந்து செயலிழப்பதால் நிமோனியாவுக்கு அது உதவுவதில்லை.

காசநோயில் இச்சிக்கல் இன்னும் கடினமானது. அங்கே கிருமிகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சில விழுங்கணுக்களுக்குள் ஒளிந்திருக்கும். சில குழிகளின் சுவரில் பெருகும். சில குருதிக் குழாய்களே இல்லாத, பாலாடைக் கட்டி போன்ற இறந்த திசுவின் நடுவில் உறங்கும். அறுவையில் அகற்றப்பட்ட நுரையீரல் துண்டுகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வு, ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் இத்திசுவினுள் ஊடுருவுவதையும், மாக்சிஃப்ளாக்சசின் அதன் விளிம்பிலுள்ள அணுக்களிலேயே பெரிதும் தங்கிவிடுவதையும் காட்டியது. ரிஃபாம்பிசினும் ஒரே நாளில் நிறைந்துவிடுவதில்லை; வேளை தவறாமல் உண்ண உண்ணவே அங்கு திரள்கிறது. பைரசினமைடு அமிலச் சூழலில் திறம்படச் செயற்படும். ஸ்ட்ரெப்டோமைசின் அத்தகைய சூழலில் வலுவிழக்கும். ஒரு மருந்து எட்டாத மூலையில் மற்றொன்று செயற்படட்டும் என்பதும், எதிர்ப்பாற்றல் தோன்றலாகாது என்பதுமே கூட்டுச் சிகிச்சையின் நோக்கம்.

இரண்டு மாதம் மருந்துண்டபின் காய்ச்சல் தணிகிறது, எடை கூடுகிறது. ஷிஃப்டை இழக்க மனமில்லாத தொழிலாளி அப்போதே மருந்தை நிறுத்திவிடுவது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அதுவரை அழிந்தவை வேகமாகப் பெருகும் கிருமிகள்தாம், உறங்குபவை எஞ்சியிருக்கின்றன. ஆறு மாதச் சிகிச்சையின் பின்பகுதி அவற்றிற்காகவே.

வேலையை விட்டுச் சானடோரியத்தில் தங்கவேண்டியதில்லை என்பதைச் சென்னை நிரூபித்தது. 1956-இல் அங்கு அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடி ஓராண்டு மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்ததை 1959-இல் வெளியிட்டது. அவ்வாண்டே பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனமும் தொடங்கப்பட்டது. 1962-இன் தேசியத் திட்டம் இவ்விரண்டின் உழைப்பிற்கும் பெரிதும் கடன்பட்டது எனலாம்.

சிலிக்கா தூசி படிந்த நுரையீரல் இக்கணக்கைக் குலைக்கிறது. கிருமியைக் கொல்லவேண்டிய விழுங்கணு அத்தூசியை விழுங்கித் தானே மடிகிறது. தழும்பேறிய முடிச்சுகளில் குருதியோட்டம் குறைவு. சிலிக்கோசிசும் காசநோயும் சேர்ந்தவர்களிடம் ஹாங்காங்கில் நடத்திய ஆய்வின் முடிவு 1991-இல் வெளியாயிற்று. ஆறு மாதச் சிகிச்சைக்குப்பின் மூன்றாண்டுகளில் 22 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. எட்டு மாதம் பெற்றவர்களில் 7 விழுக்காட்டினருக்கே திரும்பியது.

ஆகவே பீன்யாவிலிருந்து வரும் நோயாளியின் சிகிச்சை அட்டையில் பெயர், வயது, எடையோடு அவர் செய்யும் வேலையும் எழுதப்படவேண்டும். "கூலி" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது போதாது. மணல் உதிர்ப்பவரா, சாணை பிடிப்பவரா, எத்தனை ஆண்டுகளாக என்ற விவரம் இருந்தால்தான் மருந்து ஆறு மாதமா எட்டு மாதமா என்பதை மருத்துவர் முடிவு செய்ய முடியும்.