பழைய காரின் விலை, புதுக் காரின் செலவு

(நம் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அரியலூரில் இருக்கும் என் மாப்பிள்ளை பழைய பி.எம்.டபிள்யூ. 320டி ஒன்று வைத்திருக்கிறார். அந்தக் காருக்கு வரவு செலவு நோட்டு எழுதுவது நான். அதனால்தான் நம் பிளாக்கில் இரண்டு தம்பிகள் என்னிடம் வந்து, "அங்கிள், 8 லட்சத்துக்கு பி.எம்.டபிள்யூ. வருகிறதே, வாங்கலாமா?" என்று கேட்டார்கள். இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் என்று செயலாளர் சொன்னார். சொல்கிறேன்.

முதலில், ஏன் இவ்வளவு மலிவாக வருகிறது என்று பார்ப்போம். வணிகவியல் படித்தவர்களுக்குக் குறைந்துசெல் இருப்பு முறைத் தேய்மானம் ஞாபகம் இருக்கும். வருமான வரிக் கணக்கில் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம். 40 லட்சம் ரூபாய்க் காருக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 5 ஆண்டு முடிவில் புத்தக மதிப்பு சுமார் 17 லட்சத்து 75 ஆயிரம். 10 ஆண்டு முடிவில் சுமார் 7 லட்சத்து 87 ஆயிரம். சந்தை விலையும் ஏறக்குறைய இதே வழியில்தான் இறங்குகிறது. அதனால் 8 லட்சத்துக்குக் கிடைப்பதில் ஆச்சரியமோ ஏமாற்றோ இல்லை. அது கணக்கு.

ஆனால் கணக்கின் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. கார் 8 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அதன் கியர்பாக்ஸ் விலை இறங்கவில்லை. ஹெட்லைட் விலை இறங்கவில்லை. இன்ஜெக்டர் விலை இறங்கவில்லை. 40 லட்ச ரூபாய்க் காருக்கு என்ன விலைக்கு உதிரி பாகம் விற்றார்களோ, அதே விலைதான் 8 லட்ச ரூபாய்க் காருக்கும். வருஷா வருஷம் கொஞ்சம் கூடியும் இருக்கும். பழைய காரின் விலையைக் கொடுத்து வாங்கிவிட்டு, புதுக் காரின் செலவைச் செய்கிறோம். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

"நம் தமிழ்நாட்டிலேயே தயாராகிறதே, பாகம் மலிவாகக் கிடைக்காதா?" என்று கேட்பார்கள். உண்மைதான், பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது. அரியலூர் மறுபடி தனி மாவட்டமான அதே 2007-ம் ஆண்டு மார்ச்சில், 3 சீரிஸ் காரோடு அங்கே வேலை தொடங்கியது. ஆனால் அங்கே பெரும்பாலும் நடப்பது இணைப்பு வேலை. பாகங்கள் வெளிநாட்டிலிருந்து பெட்டிகளில் வந்து இங்கே கோர்க்கப்படுகின்றன. உள்ளூரில் செய்யும் பாகங்கள் பிறகு கூடின. இருந்தாலும் யூரோ விலையும் இறக்குமதி வரியும் நம் பில்லில் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன.

இதை யோசிக்காததால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை நான் அறிவேன். அரியலூர்ப் பக்கம், சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் தொழில். பிள்ளைக்குக் கல்யாணம் என்று கையிலிருந்த பணம் முழுவதையும் போட்டு 10 வருஷத்து ஜெர்மன் கார் ஒன்று வாங்கினார்கள். ஏழாவது மாதம் கியர்பாக்ஸ் போயிற்று. வந்த எஸ்டிமேட் கார் வாங்கிய விலையில் பாதி. புதுப் பெண்ணின் நகை அடகுக்குப் போனது. கார் செய்த குற்றம் எதுவுமில்லை. விலைக்கு மட்டும் பணம் வைத்து, செலவுக்கு வைக்காததுதான் காரணம்.

சரி, வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் என்ன பார்க்க வேண்டும்? முதலில் காகிதம், பிறகு கார். ஏனென்றால் காகிதம் பார்க்க மெக்கானிக் வேண்டாம், செலவும் இல்லை.

ஆர்.சி.யில் வங்கி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் கட்டி முடித்த பிறகும் அந்தப் பெயர் தானாக நீங்காது. வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து நீக்க வேண்டும். அது நீங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. மோட்டார் வாகனச் சட்டம் 50-ம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில். விற்பவர்களுக்கும் இது முக்கியம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விற்றாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

பணம் வங்கி வழியாகவே போகட்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு. மீறினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். டீலரிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் அவர் லாபத்தின் மேல்தான். மொத்த விலையின் மேல் 18 சதவீதம் போட்டு யாராவது நீட்டினால் கேள்வி கேளுங்கள்.

இரண்டு ஊர்களிலிருந்து வரும் கார்களை மட்டும் இன்னும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். ஒன்று டில்லி. அங்கே 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கான தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு, மலிவு விலையில் தெற்கே இறங்கிய கார்கள் நிறைய. வேற்று மாநிலக் காரைக் கொண்டுவந்தால் அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, 12 மாதத்துக்குள் இங்கே பதிய வேண்டும். பெரம்பலூரின் 46 அல்லது அரியலூரின் 61 எண் வாங்கும்போது ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அந்த வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள், மலிவு பாதி கரைந்துவிடும்.

இன்னொன்று நம் சென்னை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அடித்தளப் பார்க்கிங்கில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை தெரியும். டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இந்தக் கார்களுக்குப் பேட்டரியே டிக்கியில்தான் இருக்கும். அங்கே துருவோ வாடையோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் மட்டும் நம்பாதீர்கள். பி.எம்.டபிள்யூ. சாவியிலும் அது பதிந்திருக்கும்; நிறுவனப் பட்டறையின் சர்வீஸ் பதிவிலும் இருக்கும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் 4 இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. மீட்டரில் 30 ஆயிரம், டயர் இரண்டாவது செட் என்றால் காரணம் கேளுங்கள்.

காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய், உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குறிப்பாக 2007-க்கும் 2011-க்கும் இடையில் வந்த 320டி-யின் டீசல் என்ஜினில் டைமிங் செயின் தேய்வது உலகம் முழுக்கத் தெரிந்த குறை. அந்தச் செயின் என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் தொட முடியாது. பின்பக்கமிருந்து சலசலவென்று சத்தம் கேட்டால் அந்தக் கார் வேண்டாம். நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், ஜெர்மன் கார் பார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவரிடம் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள்.

இனிப் பராமரிப்பு. மூன்று நான்கு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

8 கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஆயிலே மாற்ற வேண்டாம், ஆயுளுக்கும் போதும் என்பார்கள். அந்தக் கியர்பாக்ஸைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவரின் பேச்சைக் கேளுங்கள்.

பேட்டரி மாற்றினால் புதியது போட்டதைக் காரின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்து, புதியதைக் கெடுத்துவிடும்.

ரன்ஃபிளாட் டயர், காற்று முழுக்க இறங்கினாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓடும். பெரம்பலூரில் பஞ்சர் ஆனால் திருச்சி வரை போய்விடலாம். ஆனால் எல்லாப் பஞ்சர் கடையிலும் அதைக் கழற்றும் மெஷின் இருக்காது. பக்கத்து நாரணமங்கலத்திலேயே எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருந்தும், இந்த அளவு டயருக்கு நாம் ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். அதற்கும் தயாராக இருங்கள்.

அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புத் தூசி உங்களுக்குத் தெரியும். ஏர் ஃபில்டரையும் ஏ.சி. ஃபில்டரையும் புத்தகத்தில் போட்டிருப்பதற்கு முன்பே மாற்றுங்கள். இது குறைந்த செலவு. பேருந்து நிலையம் வரை, காய்கறிக் கடை வரை என்று மட்டுமே டீசல் காரை ஓட்டினால் புகைவழி அடைத்துக்கொள்ளும். பிஎஸ் 6 கார்களில் புகை வடிகட்டி இருப்பதால் இன்னும் சீக்கிரம் தெரியும். மாதம் இரண்டு தடவையாவது நாற்கர சாலையில் சீராக அரை மணி நேரம் ஓட்டுங்கள். அந்த அளவுகூட ஓட்ட வேலை இல்லையென்றால் பெட்ரோல் கார் பாருங்கள். நம் பார்க்கிங்கில் எலி உண்டு. வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும் காரில் ஒயரைக் கடித்துவிடும். அடிக்கடி பானெட்டைத் திறந்து பாருங்கள்.

"இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று நினைக்க வேண்டாம். தேய்ந்து கெட்ட கியர்பாக்ஸுக்கும் என்ஜினுக்கும் சாதாரண பாலிசி ஒரு ரூபாய் தராது. விபத்து என்றாலும், ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். 10 ஆண்டு கடந்த காரில் இரும்புப் பாகத்துக்கும் 50 சதவீதம் கழிப்பு. விற்பவருடைய நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும். பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். கம்பெனிகள் ஒரு இயந்திரம் வாங்கினால் அதைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைக்கும். வீட்டிலும் அப்படியே செய்யலாம். என் யோசனை இது. கையில் 8 லட்சம் இருந்தால் 6 லட்சத்துக்கு மேல் கார் பார்க்காதீர்கள். மீதி 2 லட்சத்தை டெபாசிட் போட்டு, காருக்கு மட்டும் என்று வையுங்கள். அதோடு மாதம் 10 ஆயிரம் ஆர்.டி. கட்டுங்கள். கெடாமல் ஓடினால் அந்தப் பணம் உங்களுக்கு. கெட்டால் காருக்கு. மாதம் 10 ஆயிரம் கட்டுவது கஷ்டம் என்று தோன்றுகிறதா? அப்படியானால் அந்தக் கார் உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது வாங்கும் முன்பே தெரிந்துவிட்டது. நல்லதுதானே.

என்னைப் போல ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஆசைப்படுகிறான் என்று கிராஜுவிட்டிப் பணத்தை இதில் போடாதீர்கள். பழைய காருக்குக் கடன் தரும் வங்கி உண்டு, வட்டி கொஞ்சம் கூட இருக்கும். ஆனால் ரிப்பேருக்கு என்று யாரும் கார் கடன் தரமாட்டார்கள். அது தனிநபர் கடனாகவோ நகைக் கடனாகவோதான் முடியும்.

இவ்வளவு சொன்னதால் வாங்கவே கூடாது என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மாப்பிள்ளை காரில் திருச்சி போகும்போது நானும் பார்க்கிறேன். லாரியைத் தாண்டும்போது அந்த என்ஜின் இழுக்கும் இழுப்பும், வளைவில் சாயாமல் திரும்புவதும், பிரேக் பிடிக்கும் நம்பிக்கையும் தனிதான். 1975-லிருந்து அந்த 3 சீரிஸ் காரைத் திருத்தித் திருத்திச் செய்திருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு விலை உண்டு. அந்த விலை விளம்பரத்தில் போட்டிருக்கும் 8 லட்சம் இல்லை என்பது தெரிந்து வாங்குங்கள்.

வாங்கப் போகிறவர்கள் ஆர்.சி. நகலோடும் பழைய சர்வீஸ் பில்லோடும் எந்த மாலையிலும் என் வீட்டுக்கு வரலாம். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாங்கிய பிறகு நம் வளாகத்து வேகத்தடையில் மட்டும் மெதுவாக ஏற்றுங்கள். அதைத் தாழ்த்தச் சொல்லி அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.