நாளைக்கு என்ன சமையல்?

(மூத்த அங்கத்தினர்களின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமையலைப் பற்றி நான் பேசப்போகிறேன் என்று செயலாளர் அறிவித்ததும் முன்வரிசையில் இரண்டு மாமிகள் சிரித்ததைக் கவனித்தேன். சிரிப்பு நியாயம்தான். டெல்லியில் 34 வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் நான். காப்பி கலப்பதைத் தவிர அடுக்களையில் எனக்கு வேலை இருந்ததில்லை.

2022 நவம்பரில் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. முதல் பத்து நாள் வெளியிலிருந்து டிபன் கேரியர் வந்தது. உப்பும் எண்ணெயும் அதிகம். எங்கள் இருவருக்கும் ரத்த அழுத்தம் உண்டு. அதை நிறுத்திவிட்டு நானே கரண்டியைப் பிடித்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுவாள், நான் செய்வேன். சாம்பாரும் ரசமும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டன. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

என்னை அயர வைத்தது வேறு விஷயம். ராத்திரி படுக்கப் போகும்போது, "நாளைக்கு என்ன?" என்ற கேள்வி. நாலே நாளில் அலுத்துப்போய் அவளிடம் சொன்னேன். "ஏன்னா, சமைக்கறது ஒரு சிரமமா? என்ன பண்றதுன்னு தீர்மானம் பண்றதுதான் சிரமம்" என்றாள், கோபமே இல்லாமல். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்யாணமாகி 46 வருஷம், நாளைக்கு மூன்று வேளை. ஊருக்குப் போன நாட்களைக் கழித்தாலும் ஏறக்குறைய 45,000 தீர்மானங்கள். ஒரு பைல்கூட என் மேஜைக்கு வந்ததில்லை.

உடனே ஆபீஸ் புத்தி வேலை செய்தது. ஒரு காகிதத்தில் 21 கட்டம் போட்டு, வாரம் முழுவதற்கும் எழுதி, அவளைக் கலக்காமலே பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். புதன்கிழமைக்குள் திட்டம் கவிழ்ந்தது. அன்று கிடைத்த முருங்கைக்காய் விறகு மாதிரி இருந்தது. மோர்க்குழம்பு என்று எழுதிய நாளில் தயிர் புளிக்கவில்லை. டெல்லிக் குளிரில் அது எப்படிப் புளிக்கும்? நடுவில் ஏகாதசி வேறு, பஞ்சாங்கம் பார்க்காமல் அன்றைக்கு வெங்காய சாம்பார் போட்டிருந்தேன்.

அப்புறம்தான் அவளை உட்கார வைத்துக் கேட்டேன், இத்தனை வருஷம் எப்படிச் செய்தாய் என்று. அவள் மனதில் பதார்த்தத்தின் பெயரே முதலில் இருந்ததில்லை. முதலில் திதி: அமாவாசையா, ஏகாதசியா, சிரார்த்தம் வருகிறதா. அடுத்தது, எது முதலில் வாடும். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கினால் கீரை அன்றைக்கும் திங்களுக்கும். வெண்டையும் பீன்ஸும் செவ்வாய், புதன். கோஸ், சௌசௌ அதற்கப்புறம். பூசணியும் சேனையும் வாரக் கடைசிவரை காத்திருக்கும். மூன்றாவது, நேற்று புளி என்றால் இன்று புளியில்லாத பொரிச்ச குழம்போ கூட்டோ. மோர்க்குழம்புக்குக் கிழமை கிடையாது, தயிர் புளிக்கிற நாள்தான் நாள். இந்த மூன்றையும் வைத்துக் கட்டங்களைத் திருத்தினேன். பெயருக்குப் பதில் "புளி", "பருப்பு", "கீரை" என்று மட்டும் எழுதினோம். அது நிலைத்தது.

ரசாயனம் படித்தவன் என்ற முறையில் என் பங்காக ஒன்றைச் சேர்த்தேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பருப்பு வகை 85 கிராம் என்று இருக்கிறது. இருவருக்கு வாரத்துக்கு 5.6 கிலோ காய், 1.2 கிலோ பருப்பு. நம் வயதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் எங்கள் ரசீதுகளைக் கூட்டினால் காய் மூன்று கிலோ தேறவில்லை. பருப்பு அரைக் கிலோதான். தெளிவான ரசத்தில் பருப்பு எங்கே இருக்கிறது? இப்போது வாரம் இரண்டு நாள் கொண்டைக்கடலையோ பயறோ முதல் நாள் ராத்திரி ஊறப்போட்டுச் சுண்டல். கீரை நாளில் எலுமிச்சம்பழம் உண்டு. சாப்பிட்டவுடன் காப்பி கிடையாது, ஏனென்றால் காப்பி இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இந்தக் கடைசி விதிக்கு எங்கள் வீட்டில் பலத்த எதிர்ப்பு. எதிர்ப்பவன் நான்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காலையில் வடித்த சாதத்தை மேடையிலேயே வைத்திருந்து ராத்திரி சுட வைப்பது நம்மில் பலர் வழக்கம். சாதத்தில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் கொதியிலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாக இருந்தால் அவை பெருகும். அதன் ஒருவகை நச்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். டெல்லி மே மாதத்தில் இன்னும் சீக்கிரம்.

கட்டுப் பிரித்ததும் அடுக்களையை அவளிடம் ஒப்படைக்கப் போனேன். "சமையலை நான் பார்த்துக்கறேன். அந்தக் காகிதம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் பஞ்சாங்கத்தோடு கால் மணி நேரம் உட்காருகிறோம். எழுதுவது நான்.

முதல் சனிக்கிழமை, "உனக்கு என்ன பிடிக்கும், அதையும் ஒரு கட்டத்தில் போடலாம்" என்றேன். வெகுநேரம் யோசித்தாள். பிறகு, "சுட்ட கத்தரிக்காய் கொத்சு" என்றாள். எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. அதனால் 46 வருஷமாக எங்கள் வீட்டில் அது நுழைந்ததே இல்லை. இப்போது வெள்ளிக்கிழமை ராத்திரி அரிசி உப்புமாவும் கத்தரிக்காய் கொத்சும். நான் உப்புமாவுக்குத் தயிர் தொட்டுக்கொள்கிறேன்.