இருக்கையும் இங்கிதமும்
(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டவுன் பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ நின்றுகொண்டு போகாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. எழுந்து இடம் கொடுப்பது பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன். உபதேசம் அல்ல, நான் செய்த ஒரு தவறு.

உத்தியோக நிமித்தம் பல ஆண்டுகளுக்கு முன் அந்தமானில் இருந்தேன். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் வாசம். சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் பழைய இடங்களைப் பார்க்கப் போனோம். சாத்தம் துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பேம்பூ பிளாட்டுக்கு ஃபெர்ரி போகிறது. வங்காளி, தெலுங்கர், தமிழர், மலையாளி என்று எல்லோரும் அதில் ஏறுவார்கள். பெஞ்சுகள் குறைவு, கூட்டம் அதிகம்.

ஒரு பையன், இருபத்தைந்து வயதிருக்கும், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் எதிரே நின்றேன். அவன் எழுந்திருக்கவில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவாளிடம் மரியாதையே கிடையாது" என்று மனைவியிடம் சற்று உரக்கவே சொன்னேன். அவனுக்குத் தமிழ் தெரியும் என்பது எழுந்த பிறகுதான் புரிந்தது. பக்கத்திலிருந்த அவன் தாயார், "ஐயா, ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் பண்ணிட்டு வர்றான். வாரத்துக்கு ரெண்டு தடவை. உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. நான் பதறி, உட்காரப்பா என்றேன். "பரவாயில்ல தாத்தா, நீங்க உக்காருங்க" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கரை சேரும்வரை என்னால் தலை நிமிர முடியவில்லை.

நான் விஞ்ஞானம் படித்தவன். வண்டி சட்டென்று நின்றால் நம் உடம்பு முன்னே போகும் என்பது நியூட்டன் விதி. வாலிபன் ஒரு காலை எடுத்து வைத்துச் சமாளிப்பான். வயதானவருக்கு அந்த அடி தாமதமாகும். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். ஆகவே இடம் தருவது தேவையைப் பார்த்துச் செய்வது. ஆனால் தேவை எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. லண்டனில் 2017 முதல் இப்படிப்பட்டவர்களுக்கென்றே, எனக்கு இடம் தாருங்கள் என்று எழுதிய பேட்ஜ் தருகிறார்கள். டாக்டர் சர்டிபிகேட்கூடக் கேட்பதில்லை.

அப்படியானால் நாம் என்ன செய்வது? கேட்கலாம். 1970-களில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியல் பேராசிரியர் தம் மாணவர்களை நியூயார்க் சுரங்க ரயிலில் இடம் கேட்கச் சொன்னார். காரணமே சொல்லாமல் கேட்டும் 68 சதவீதம் பேர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்தார்கள். கேட்டவர்களுக்குத்தான் நா எழவில்லை. பேராசிரியருக்கே அதே கதி! கேட்கக் கூச்சப்படுகிற நாம், காதில் விழும்படி முணுமுணுக்க மட்டும் கூச்சப்படுவதில்லை.

என் வேண்டுகோள் மூன்று. நமக்குத் தெம்பிருந்தால், வயது எதுவானாலும், நாமே முதலில் எழுந்திருப்போம். முடியாதபோது, "கொஞ்சம் உட்காரலாமா?" என்று நேராகக் கேட்போம், மறுத்தால் அவருக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நம்புவோம். யாராவது இடம் கொடுத்தால், "எனக்கென்ன வயசாயிடுத்தா?" என்று முறைக்காமல், நன்றி சொல்லி உட்காருவோம்.

அந்தப் பிள்ளையாண்டான் நீண்ட நாள் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் பிரார்த்திக்கிறேன். அவனிடம் அன்று மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்தச் சபையிலாவது கேட்டுக்கொள்கிறேன்.