இரண்டு அறை எதற்கு?

இந்த வெயிலில் கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே,

உங்களில் பெரும்பாலானோர் விரும்பி எடுக்காத பாடங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மேஜர் பாடத்தைப் பற்றிப் பேச உங்கள் துறைத்தலைவர்கள் இருக்கிறார்கள். பார்ட் ஒன் தமிழையும், பார்ட் ஃபோரில் வரும் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, என்எம்இ என்கிற மேஜர் அல்லாத விருப்பப்பாடம் ஆகியவற்றையும் யார் பேசுவார்கள்? பார்ட் ஃபோர் மதிப்பெண் நீங்கள் முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்பதைத் தீர்மானிப்பதில்லை. தேறினால் போதும். அதனால் கால அட்டவணையில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி மணி. வருகைப் பதிவு முடிந்ததும் பின்வாசல் வழியாகப் பாதி வகுப்பு கரைந்துவிடும். சிரிக்கிறீர்கள். மேடையிலும் சிலர் சிரிக்கிறார்கள்.

இவையெல்லாம் நிர்வாகம் உங்களைப் படுத்துவதற்காகக் கண்டுபிடித்தவை அல்ல. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பாடமாக்கச் சொன்னது. யாரும் அவசரப்படவில்லை. 2003இல் நீதிமன்றம் மறுபடியும் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் அது எல்லா இளநிலை வகுப்புகளுக்கும் வந்து சேர்ந்தது. அதையும் நாம் கடைசி மணியில் வைத்தோம்.

என்எம்இ கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. பல கல்லூரிகளில் தாவரவியல் துறை காளான் வளர்ப்பைக் கற்றுத் தருகிறது. பி.காம். மாணவர்கள் ஊறவைத்து அவித்த வைக்கோலைப் பாலித்தீன் பைக்குள் அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கிலும் காளான் விதையைத் தூவி, துளையிட்டு, இருட்டறையில் தொங்கவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பை முழுக்க வெள்ளையாகப் பூசணம் படரும். பிறகு சிப்பி சிப்பியாக மொட்டு வெளியே வரும். லாபநட்டக் கணக்கைத் தாளில் மட்டும் போட்டுப் பழகியவர்களுக்கு, ஒரு பை கெட்டுப்போனால் என்ன நட்டம் என்பது மூக்குக்கே தெரிகிற இடம் அது.

இனி ஒரு கிறிஸ்தவக் கல்விநிலையத்துக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன்.

1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் ஒரு செமினரி தொடங்கினார்கள். டேனியல் பூவர் அதன் முதல் தலைவர். கிறிஸ்தவம் கற்பிக்க வந்தவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானியல், தத்துவம் எல்லாம் அங்கே பாடங்கள். பாஸ்டனில் இருந்த தலைமைக்கு இது பிடிக்கவில்லை. பையன்கள் போதகர்களாக வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது அவர்கள் குறை. 1855இல் செமினரியை மூடிவிட்டார்கள். அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பி.ஏ. பட்டத்தை இருவருக்குத் தந்தது. சி.வை. தாமோதரம்பிள்ளை ஒருவர், விசுவநாதபிள்ளை இன்னொருவர். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பிறகு ஏடுகளைத் தேடிப் பிடித்து 1887இல் கலித்தொகையை அச்சில் ஏற்றினார். மிஷன் போட்ட கணக்கில் தோற்றுப்போன பள்ளி, தமிழ் போட்ட கணக்கில் எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஷன் கல்வியில் உருவான இன்னொருவர் தத்துவப் பேராசிரியர் ராதாகிருஷ்ணன். திருப்பதி, வேலூர், சென்னை என்று அவர் படித்த இடங்களில் பெரும்பாலானவை மிஷன் நிறுவனங்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இந்து மதத்தின் மீது எழுந்த விமர்சனங்கள் அவரைத் தொந்தரவு செய்தன. அந்தத் தொந்தரவே தன்னை இந்து தத்துவத்தை ஆழமாகப் படிக்கவைத்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். வேதாந்தத்தின் அறவியலைப் பற்றி அவர் எம்.ஏ.வுக்கு எழுதிய ஆய்வு 1908இல் அச்சேறியது. அவருடைய பேராசிரியர் ஹாக் ஒரு மிஷனரி. அவர் அந்த ஆய்வைப் பாராட்டவே செய்தார்.

இன்று நிலைமை வேறு. அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனம் எந்த மாணவரையும் அவர் சம்மதமின்றி சமயப் போதனையில் உட்காரவைக்கக் கூடாது என்கிறது. மைனராக இருந்தால் காப்பாளர் சம்மதம் வேண்டும். மிக நியாயமான சட்டம். அதைக் கடைப்பிடிக்க நம் கல்லூரிகள் கண்டுபிடித்த வழிதான் எனக்கு உவப்பாக இல்லை. மணி அடித்ததும் கிறிஸ்தவ மாணவர்கள் ஓர் அறைக்கு வேதபாடத்துக்குப் போகிறார்கள். மற்றவர்கள் வேறோர் அறைக்கு விழுமியக் கல்விக்குப் போகிறார்கள். மூன்றாண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள், எது நல்லது எது கெட்டது என்று பேசவேண்டிய மணியில் மட்டும் பிரிகிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாதே என்றது. பிரித்து வை என்று எங்கும் சொல்லவில்லை.

பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. உங்கள் பார்ட் ஒன் தமிழ் வகுப்பு. அங்கே தேவாரமும் திருப்பாவையும் நடக்கும்போது கிறிஸ்தவ மாணவர் எழுந்து போவதில்லை. வீரமாமுனிவரின் தேம்பாவணி வந்தால் இந்து மாணவர் வெளியேறுவதில்லை. சீறாப்புராணத்துக்கு எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வைணவராகப் பிறந்து கிறிஸ்தவரான கிருஷ்ணபிள்ளை, கம்பனில் ஊறிய தமிழில் இரட்சணிய யாத்திரிகம் பாடினார் என்பதும் அந்த வகுப்பில்தான் காதில் விழுகிறது. யாரும் மதம் மாறவில்லை, யார் மனமும் புண்படவில்லை. தமிழாசிரியர் வழிபாடு நடத்தவில்லை, பாடம் நடத்தினார். அவ்வளவுதான் வித்தியாசம். அதேபோல விழுமிய வகுப்பில் விவிலியத்து யோபுவின் புத்தகத்தை, நல்லவன் ஏன் துன்பப்படுகிறான் என்ற கேள்வியாக எல்லோருக்கும் நடத்தலாம். குறளின் ஊழ் அதிகாரத்தைப் பக்கத்தில் வைத்து நடத்தினால் இன்னும் சூடு பிடிக்கும். வழிபாடு வேண்டுகிறவர்களுக்குச் சிற்றாலயம் இருக்கவே இருக்கிறது.

கல்லூரிச் செயலர் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். பட்டதாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் ஒருவருக்கு இடம் உண்டு. உங்களில் யாருக்காவது ஒருநாள் அந்த அழைப்புக் கடிதம் வரும். பயணப்படியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பார்ட் ஃபோரைக் கடைசி மணியிலிருந்து எடுங்கள் என்றும், அந்த இரண்டு அறையையும் ஒன்றாக்குங்கள் என்றும் கேளுங்கள். கேட்டது கூட்டக் குறிப்பில் பதிவாகிறதா என்றும் பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.