கதை முடிவும் காட்சி முடிவும்



ஜே. கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் வரிசையின் இறுதி நூல் 2007இல் வெளிவந்தது. டேவிட் யேட்ஸ் இயக்கிய இறுதிப் படம் 2011இல் திரைக்கு வந்தது. படத்தைக் கொண்டாடிய வாசகருள்ளும் பலர் அதன் முடிவை ஏற்கவில்லை. ஏன்?

நூலில் இறுதிப் போர் ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் பெருங்கூடத்தில், எல்லார் கண்ணெதிரேயும் நிகழ்கிறது. வோல்டெமோர்ட் வீழ்ந்து, வெற்றுடலாய்த் தரையில் கிடக்கிறான். படத்திலோ ஆளற்ற முற்றத்தில் இருவர் மட்டுமே பொருதுகின்றனர். அவன் உடல் துகள்துகளாகிக் காற்றில் கரைகிறது. தொல்காப்பியர் சுட்டும் மருட்கை காண்போர்க்கு விளைகிறது. கதையின் பொருளோ நழுவிவிடுகிறது. சாவை வெல்வதற்கென்றே தன் உயிரைக் கூறுபோட்டவன் அவன். அவனும் மனிதனாகவே மாண்டான் என்பதற்குச் சான்றாக ஓர் உடல் எஞ்சவேண்டும். அதைக் காண ஊர் வேண்டும்.

மந்திரக்கோலின் செய்தியும் இத்தகையதே. நூலில் ஹாரி, வெல்லற்கரிய எல்டர் கோலால் முறிந்துபோன தன் பழைய கோலைச் செப்பனிட்டுக்கொண்டு, பின்னரே அதனைத் துறக்கிறான். படத்தில் அதை ஒடித்து எறிகிறான். தன் கோலை நினைப்பதேயில்லை. துறவு இரண்டிலும் உண்டு. தன் எளிய உடைமைக்கு மீளும் நிறைவு நூலில் மட்டுமே உண்டு.

நூலின் நீண்ட உரையாடல் திரைக்கு ஒவ்வாது என வாதிட்டவரும் உளர். அதில் நியாயம் உண்டு. ஆயினும், உரையாடலைச் சுருக்குவது வேறு. முடிவின் பொருளை மாற்றுவது வேறு.

கவிஞர்களே, ஈற்றடியில் வியப்பைத் தேடுமுன், கவிதை எதை நோக்கி நடந்துவந்தது என்று கேட்டுக்கொள்வோம்.