தீர்த்தமும் இருதயமும்

(பாடாலூரில் பேசியது)



இவ்வூருக்குச் சமீபத்திலுள்ள ஊட்டத்தூர்ச் சிவன் கோயிலில், நடராஜருக்குச் சாற்றிய வெட்டிவேரைத் தீர்த்தத்தில் ஊறப்போட்டு 48 நாள் குடித்தால் சிறுநீரக வியாதி தீருமென்று சொல்லப்படுவது உங்களுக்குத் தெரியும். அதை நம்பி வருகின்ற நோயாளிகளைப் பரிகசிப்பது நமது நோக்கமல்ல. உயிருக்குப் பயந்தவன் எதையும் பிடித்துக் கொள்வான். அவ்வியாதியின் தன்மை என்னவென்று மாத்திரம் சற்று யோசித்துப் பாருங்கள் என்கிறோம்.

உண்ட உப்பிலும் குடித்த தண்ணீரிலும் மிகுதியானதை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. அது கெட்டால் இரண்டும் உடம்பிலேயே தங்குகின்றன. ரத்தக் குழாயில் நீர் பெருகினால் அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? அவ்வழுத்தத்தை எதிர்த்து இரவும் பகலும் ரத்தத்தைத் தள்ளவேண்டியது இருதயமல்லவா? ஏற்றம் இறைப்பவன் கைச்சதை தடிப்பதுபோல இருதயத்தின் இடது அறைச் சுவரும் தடிக்கிறது. தடிப்பது பலந்தானே என்பீர்கள். அன்று! தடித்த சுவர் விறைக்கிறது, நாளடைவில் தளர்கிறது, பிறகு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுகிறது. சிறுநீரகம் கெட்டு இறந்தவர்களின் இருதயம் பெருத்திருப்பதை 1836-லேயே ரிச்சர்டு பிரைட் என்ற ஆங்கில வைத்தியர் எழுதி வைத்தார். இன்றும் டயாலிசிஸ் நோயாளிகளின் மரணத்திற்கு முதற்காரணம் இருதய நோயே.

நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் உழைக்கிறது. டயாலிசிஸ் இயந்திரமோ வாரம் 3 முறை, முறைக்கு 4 மணியாக, 12 மணி நேரமே உழைக்கிறது. மீதி 156 மணி நேரமும் நோயாளியின் வாய்க்கட்டுப்பாடுதான் இருதயத்திற்குக் காவல். 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் ஸ்கிரிப்னர், நீண்டகால டயாலிசிஸ் ஆரம்பித்தபோது, மிகுதி நீரை இறக்கியும் உப்பைக் குறைத்துமே அழுத்தத்தைத் தணித்தார்.

இப்படியிருக்க, தண்ணீரை வெளியேற்ற முடியாதவனுக்குத் தண்ணீரையே மருந்தென்பது என்ன நியாயம்? ஒரு டம்ளர் தீர்த்தமானாலும் டாக்டர் சொன்ன அன்றாட அளவில் அதுவும் சேர்ந்ததுதான். அதைவிட ஆபத்து, தீர்த்தத்தை நம்பி டயாலிசிஸை நிறுத்துவது. 48 நாள் வேண்டாம். சிலருக்குச் சில முறை தவறினாலே உயிருக்கு மோசம் வரும்.

ஆகவே, முறை தவறாதீர்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைத் தள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கும் இடமுண்டு, கேட்டு வாங்குங்கள். அது தானமல்ல, உங்கள் வரிப்பணம்.

வியாதியில்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரத்த அழுத்தமே சிறுநீரகத்தைக் கெடுக்கும், வலியில்லாமலே கெடுக்கும். அளந்து பார்த்தாலன்றித் தெரியாது. நெற்றியில் எழுதியிருப்பதைத் தேடாமல், கையில் பட்டையைச் சுற்றி அளந்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கின்றோம்.