தேர்வுக் காலையும் தூக்கு மோரும்



பங்குனி பிறந்ததும் பள்ளி வாசலில் வெயிலோடு வயிற்றுவலியும் வந்து நிற்கும். நேற்றுவரை மலைக்கோட்டைப் படிகளை மூச்சு வாங்காமல் ஏறிய பிள்ளைகள்கூடப் பொதுத்தேர்வுக் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு வருவர். நான் திருவரங்கத்தில் குடியிருந்து, காவிரிப் பாலம் கடந்து திருச்சிராப்பள்ளி நகரத்துப் பள்ளி ஒன்றுக்குச் சென்றுவந்தேன். அந்நாள்களில் என் அன்னையார் இஞ்சியும் கறிவேப்பிலையும் நசுக்கிப் போட்ட மோரைத் தூக்கு நிறையக் கொடுத்தனுப்புவார். வருவோர்க்கெல்லாம் ஒரு குவளை அளிப்பேன். பெரும்பாலோர் தெளிந்து எழுந்து தேர்வறைக்குச் சென்றனர்.

ஒரு மாணவிக்கு மட்டும் அது உதவவில்லை. மூன்றாம் முறையும் அவள் வந்தபோது, தேர்வுக்கு அஞ்சிச் சொல்லும் சாக்கு என்று கடிந்து அனுப்பினேன். அவளுடைய பெருங்குடலில் அழற்சி கண்டு புண்ணாகியிருந்ததை மறு ஆண்டு மருத்துவர்கள் கண்டறிந்தனர். அவள் தந்தையார் வந்து அதனைக் கூறியபோது எனக்குப் பேச நா எழவில்லை. இந்தப் பொருளை நான் படிக்கத் தொடங்கியது அதன் பின்னரே.

அச்சம் மூளையில் தோன்றினாலும் அங்கேயே தங்கிவிடுவதில்லை. மூளையின் ஏவலால் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் நீரைச் சுரக்கின்றன. குடலின் அசைவு மாறுகின்றது. குடற்சுவரின் காவல் தளர்கின்றது. அழற்சி உடையவர்க்கு அது மிகுதலும் உண்டு. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் இதனைத் தணிக்கக்கூடுமா என்பதே ஆராய்ச்சியாளரின் வினா. தயிரில் வளரும் லாக்டோபாசில்லஸ் இனத்தவை வாழ்நாளை நீட்டும் என்று, 1908இல் நோபெல் பரிசு பெற்ற மெச்னிக்கோவ் நம்பினார். அது நம்பிக்கை, சோதனை பிற்காலத்தது.

2011இல் அயர்லாந்தின் கார்க் நகர அறிஞர்கள், லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் என்பதன் ஒரு வகையைச் சுண்டெலிகளுக்கு ஊட்டினர். நெருக்கடியில் அவ்வெலிகளின் அச்சச் சுரப்பு குறைந்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை அறுத்துவிட்டால் அந்நன்மை காணப்படவில்லை. அழகிய சோதனைதான், ஆனால் எலிகள் அனைத்தும் ஆண். அதே நுண்ணுயிரை நலமுள்ள 29 ஆடவர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். 2017இல் வெளிவந்த முடிவு, பயனில்லை என்பது. 2013இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 36 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், நான்கு வாரம் நுண்ணுயிர் சேர்த்த புளித்த பால் அருந்தியவர்களின் மூளை, உணர்ச்சி காட்டும் முகப்படங்களைக் கண்டபோது அமைதியாக இயங்கியது. ஆகவே பெண்களுக்குப் பயன், ஆண்களுக்கு இல்லை என்று எழுதிவிடாதீர்கள்! நுண்ணுயிர் வேறு, அளந்த பொருளும் வேறு. ஒரே நுண்ணுயிரை இருபாலார்க்கும் ஒருங்கே கொடுத்துத் தனித்தனியே கணக்கிட்டாலன்றி விடை கிடையாது.

அத்தகைய கணக்கு ஏன் அரிதாயிற்று? நரம்பியலில் ஒரு பாலை மட்டும் கொண்டு நடந்த விலங்காய்வுகளை எண்ணிப் பார்த்தவர்கள் 2011இல் கூறியது: பெண் விலங்கு ஆய்வு ஒன்றுக்கு ஆண் விலங்கு ஆய்வு ஐந்தரை. பெண்ணுடலில் சுரப்புகள் நாள்தோறும் மாறுவதால் கணக்குக் குழம்பும் என்பது அவர்கள் சொன்ன காரணம். மதிப்பெண் கூட்டுவது எளிதாக வேண்டுமென்று வகுப்பில் பாதிப் பேரைத் தேர்வெழுதவிடாத ஆசிரியரை நீங்கள் என்ன சொல்வீர்கள்? அந்த மாறுதலே அறியத்தக்கது. மாதவிலக்கு நாள்களில் குடல்வலி மிகுவதைப் பெண்கள் பலர் அறிவர். 2013இல் மற்றோர் ஆய்வு, ஆண் சுண்டெலியின் குடல் நுண்ணுயிர்களைப் பெண் குட்டிகளுக்கு மாற்றியபோது அவற்றின் சுரப்பே மாறியதையும், நீரிழிவினின்று அவை காக்கப்பட்டதையும் காட்டியது.

நம் நாட்டிலும் ஒரு புதிர் உண்டு. எரிச்சல் குடல் நோய்க்கு மேலைநாடுகளில் பெண்களே மிகுதியாக மருத்துவரை நாடுகின்றனர்; இந்திய மருத்துவமனைகளில் ஆண்களே மிகுதி. உடலின் வேறுபாடு மட்டுமா இது? வலியை வெளியே சொல்ல யாருக்கு இடம் கிடைக்கிறது என்பதும் அல்லவா! சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் அழற்சி நோயாளர்க்குப் பழைய சோறு தந்து ஆய்ந்துள்ளனர். இத்தகைய முடிவுகளைப் படிக்கும்போது, ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், பலன் தனித்தனியே சொல்லப்பட்டதா என்று பாருங்கள்.

என் மோரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பிள்ளைகள் தெளிந்தது மோராலா, நிழலில் பத்து நிமிடம் அமர்ந்ததாலா என்று நான் ஒருநாளும் சோதிக்கவில்லை. மலத்தில் குருதி, உடல் மெலிவு, உறக்கத்தினின்று எழுப்பும் வலி இவை இருப்பின் மோரோடு நில்லாது மருத்துவரிடம் செல்லவேண்டும்.

சென்ற ஆண்டு சத்திரம் பேருந்து நிலையத்தில் அம்மாணவியைக் கண்டேன். மருந்துண்டு நலமாக இருக்கிறாள். மோர் குடிப்பதுண்டா அம்மா என்று கேட்டேன். "சோற்றோடு குடிப்பேன் ஐயா, மருந்தாக அன்று" என்று சொல்லிவிட்டுத் திருவரங்கம் பேருந்தில் ஏறினாள்.